இருபத்து மூன்றாவது கட்டம்

கணகணவென்று அடிக்க ஆரம்பித்த மணி நிற்கவே இல்லை.

மே மாதக் கடைசி. பிள்ளைகள் ஒருவரும் இல்லாத பள்ளிக்கூடத்தில் மணிக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. முந்தின நாள்தான் எலக்ட்ரீஷியன் வந்து புது மணி மாட்டிவிட்டுப் போயிருந்தான். பியூன் ஆண்டிக்குக் கை சும்மா இருக்கவில்லை. அடிக்கிறதா என்று பார்க்க ஸ்விட்சைத் தட்டினார். அது உள்ளேயே சிக்கிக்கொண்டது. வராந்தா முழுக்க, ஆபீஸ் அறை முழுக்க, வேலை கேட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரின் மண்டை முழுக்க ஒரே மணிச்சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஆபீஸ் கிளார்க் ஆரோக்கிய ராணி ஒரு விண்ணப்பத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ரேகா யாரும்மா? கெமிஸ்ட்ரி ரேகா! இருபத்து மூணாவது கட்டம் காலியா இருக்குது!"

மூன்றாவது வரிசையிலிருந்து ரேகா எழுந்தாள். "கேக்கல மிஸ்!"

"இருபத்து மூணு!"

"என்னது?"

ஆண்டி ஸ்டூல் போட்டு ஏறி, மணிக்குப் போகிற ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆரோக்கிய ராணி இரண்டு கைகளையும் வாய்க்குக் குவித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை ஒரேயடியாக ஜெயித்துவிடுகிற தீர்மானத்தோடு கத்தினாள்.

ஆண்டி ஒயரைப் பிடுங்கினார். மணி நின்றது. கத்தல் நிற்கவில்லை.

"நீ மாசமா இருக்கியா இல்லியான்னு எழுதவே இல்லியேம்மா!"

மற்ற பதினாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாதிப் பேர் வயிற்றைப் பார்த்தார்கள். ரேகாவின் காது மடல் சுட்டது. மணியை மறுபடியும் அடிக்க விடுங்கள் என்று ஆண்டியிடம் கேட்கலாமா என்றிருந்தது.

*

ரேகா கடலூர் முதுநகரில் இருக்கிறாள். எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். கல்யாணமாகி இரண்டு வருஷம். கணவன் அருள்முருகன் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். கான்ட்ராக்ட் முடிந்து போன மாதம் முதல் வீட்டில் இருக்கிறான். அடுத்த கம்பெனி கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறது. எப்போது என்று சொல்லவில்லை. அதனால் வருகிற ஜூனில் ரேகாவுக்கு ஒரு வேலை கிடைத்தே ஆக வேண்டும். இதற்கிடையில் பத்து வாரத்துக்கு முன்னால் இன்னொரு ஆளும் அந்த வீட்டுக்கு வரப் புறப்பட்டுவிட்டது. அது அவளுக்கும் அருள்முருகனுக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரிந்த செய்தி.

சிதம்பரம் அண்ணாமலை நகர் போகிற வழியில் இருக்கும் இந்தப் பூங்கதிர் மெட்ரிகுலேஷன் பள்ளி, இந்த வருஷம் அவள் ஏறி இறங்குகிற நாலாவது படி.

முதல் படி கடலூரிலேயே. மாலிக்யூல், பாண்டிங் எதுவும் கேட்கவில்லை. "கல்யாணமாகி ரெண்டு வருஷமா? இன்னும் விசேஷமில்லியா? அப்போ இந்த வருஷம் கண்டிப்பா இருக்கும். பெத்துட்டு வாம்மா, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில், மாமியார் கூட இருக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், "அப்போ கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னா யாரு பார்த்துக்குவாங்க?" என்றார்கள். எந்தக் குழந்தை என்று அவள் திருப்பிக் கேட்டதுதான் தப்பு. மூன்றாவது இடத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டுமாம். "உங்க வீட்டுக்காரம்மா கிட்ட நீங்க சம்மதக் கடிதம் வாங்கிட்டா சார் வேலைக்கு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு அவளே எழுந்து வந்துவிட்டாள். அருள்முருகன் அன்றைக்கு அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் காலையில் சிரிக்கவில்லை.

"இந்தத் தடவ வாயத் தொறக்காத ரேகா" என்று இன்று பஸ் ஏற்றும்போது சொல்லி அனுப்பினான். "என்னா கேட்டாலும் 'ஆமா சார், இல்ல சார்' அவ்ளோதான்."

அவளும் அப்படித்தான் இருந்துவிடுவது என்று வந்தாள். வந்த இடத்தில் இந்தப் படிவம் கையில் கிடைத்தது.

நாலு பக்கம். பெயர், படிப்பு, முகவரி வரைக்கும் ஒழுங்காகத்தான் போயிற்று. எட்டாவது கேள்வி நட்சத்திரம். ஒன்பது ராசி. பத்து நிறம். சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று மூன்று கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்லியிருந்தது. பதினொன்று உயரம். பதினாலு குலதெய்வம். பதினைந்து, சொந்த ஊரில் எந்தத் தெரு. சாதி என்ன என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. அந்த மட்டுக்கும் நாகரிகம்.

ரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லி வந்திருக்கிறாளே. குலதெய்வத்துக்கு 'அங்காளம்மன்' என்று எழுதினாள். இந்த ஜில்லாவில் பாதிப் பேருக்கு அவள்தான் குலதெய்வம். எந்தத் தெரு என்று அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "நல்ல ஐடியா மேடம்" என்றான். அறிவழகன், கம்மாபுரம். பிசிக்ஸ் வேலைக்கு வந்திருந்தான். "நான் தெருவுக்கு 'மெயின் ரோடு'ன்னு போட்டேன். நட்சத்திரந்தான் தெரியல. எங்கம்மாவுக்குப் போன் போட்டா, 'இன்னொரு கல்யாணமா பண்ணப் போற, எதுக்குடா கேக்கற'ன்னு திட்றாங்க."

"பிசிக்ஸ் நடத்த நட்சத்திரம் எதுக்குங்க?"

"அஸ்ட்ரானமி வருதுல்ல மேடம்." அவன் நாலாவது பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "இத பாருங்க. 'எதிர்பார்ப்பு'ன்னு ஒரு கட்டம். சம்பளமா, பொண்ணா? எத எழுதறது?"

பக்கத்தில் நின்று புது மணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்டி இதைக் கேட்டுச் சிரித்தார்.

"அது ஒண்ணுமில்ல தம்பி. தாளாளர் மச்சான் இளவரசு, புவனகிரில பிரஸ் வச்சிருக்காரு. கல்யாணத் தகவல் மையத்துக்குப் பாரம் அடிக்கறதும் அவருதான், எங்களுக்கு அடிக்கறதும் அவருதான். போன வருஷம் ரெண்டையும் ஒண்ணா சேத்து அடிச்சு அனுப்பிட்டாரு."

"திருப்பி அனுப்பலியா?"

"அனுப்பத்தான் இருந்தாங்க. சார் எடுத்துப் படிச்சுப் பார்த்தாரு. முதல்ல சிரிச்சாரு. அப்புறம் சிரிக்கல. 'எல்லாம் தேவையானதாத்தான இருக்குது, இருக்கட்டும்'னுட்டாரு. இருபத்து மூணு மட்டும் அவரே கையால எழுதிச் சேத்தது."

ஆமாம், இருபத்து மூன்று அச்சில் இல்லை. பேனாவால் எழுதி ஜெராக்ஸ் எடுத்திருந்தது. 'பெண்களுக்கு மட்டும்: தற்போது கர்ப்பமாக உள்ளீரா? ஆம் / இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த உத்தேசம் உண்டா?'

ஆம் என்று எழுதினால் இந்த வேலை இல்லை. இல்லை என்று எழுதலாம். ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. மேற்கண்ட விவரங்களில் எது பொய் என்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே வேலையை விட்டு நீக்கச் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வயிறு எத்தனை நாளைக்குப் பொய் சொல்லும்? எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்தும் போட்டு, அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுத்தான் ரேகா கொடுத்திருந்தாள். காலி இடம் பொய் இல்லையே.

அது இப்போது ஊர்வலம் வந்துவிட்டது.

*

"மிஸ், கொஞ்சம் மெதுவா பேசக் கூடாதா?" என்றாள் ரேகா, மேஜைக்குக் கிட்டப் போய்.

"மெதுவாத்தான் பேசினேன். மணிதான் சத்தமா பேசிச்சு." ஆரோக்கிய ராணிக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயசு இருக்கும். காட்டன் புடவையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. கழுத்தில் மெல்லிய செயின், அதில் சின்னதாக ஒரு சிலுவை. வேறு நகை எதுவும் இல்லை. இடுப்பில் பீரோ சாவிக்கொத்து. மேஜையில் ஒரு நீலப் பேனா, யாரும் கொண்டு போய்விடாதபடி நூல் போட்டு ஆணியில் கட்டியிருந்தது. "ஒரு கட்டம் காலியா இருந்தாலும் சார் உள்ள வாங்க மாட்டாரு. எழுதிக் குடு."

ரேகா போய் உட்கார்ந்தாள். தன் கறுப்புப் பேனாவால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொண்டுவந்தாள்.

"கோடு எதுக்கு? இது என்னா, ரோடு போடற டெண்டரா? வார்த்தைல எழுது."

மறுபடி போனாள். யோசித்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் 'பொருந்தாது' என்று எழுதிக் கொண்டுவந்தாள்.

ஆரோக்கிய ராணி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பொருந்தாதா? நீ என்னா, ஆம்பளையா?"

பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"மிஸ், எனக்கு ஆர்கானிக் தெரியுமான்னு ஒரு கட்டம் இருக்குதா இதுல? லேப் நடத்தத் தெரியுமான்னு இருக்குதா? இல்ல. என்னா நிறம்னு இருக்குது. இதெல்லாம் வேலைக்கு வர்றவங்க கிட்ட கேக்கவே கூடாது மிஸ்."

"கூடாதுதான்."

"அப்புறம் ஏன் கேக்கறீங்க?"

"நான் எங்க கேக்கறேன்? பாரம் கேக்குது. நான் காலியா இருக்குதான்னு பாக்கறவ."

அப்போது மேஜை மேலிருந்த அவளுடைய போன் சிணுங்கியது. எடுத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "சொல்லுடி... சித்தி ஆபீஸ்ல இருக்கேன்ல? ... தயிரு பிரிட்ஜுல இருக்குது. அப்பளம் பொரிக்கறேன்னு அடுப்புக்கிட்ட போன, தெரியும் சேதி... சரி, சித்தி வச்சிடறேன்."

போனை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, "அக்கா பொண்ணு. லீவுல வீட்ட ரெண்டாக்குது" என்றாள்.

ரேகாவின் போனும் அதே நேரத்துக்கு அடித்தது. அருள்முருகன். வராந்தா ஓரத்துக்குப் போய் எடுத்தாள்.

"உள்ள போய்ட்டியா?"

"எங்கங்க போறது? இருபத்து மூணுலயே நிக்கறேன்." விஷயத்தைச் சொன்னாள்.

"இல்லன்னு எழுதிட்டுப் போயேன் ரேகா. எக்ஸ்ரே எடுத்தா பாக்கப் போறாங்க?"

"நாலு மாசத்துல எக்ஸ்ரேவே வேணாங்க. தெருவுல போறவங்களுக்கே தெரியும். அப்போ பொய் சொன்னான்னு வெளிய அனுப்புவாங்க. அதுக்கப்புறம் எந்த ஸ்கூல்ல சேத்துக்குவாங்க?"

"அப்போ ஆமான்னு எழுதிட்டு வீட்டுக்கு வந்துடு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வரும்போது அறிவழகன் தாளாளர் அறையிலிருந்து பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தான்.

"கெடச்சிடும் போல இருக்குது மேடம். தங்கமான மனுஷன். வீட்டுல ஏழு மாசம், வெள்ளிக்கிழமை வளைகாப்புன்னு பேச்சுவாக்குல சொன்னேன். எழுந்து கை குடுத்தாரு. 'பொறுப்பு வந்துட்டா ஆளு நிலையா வேலை பாப்பான்'னாரு."

ரேகா அவனையே பார்த்தாள். பாவம், அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. இருந்தாலும் அவன் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கி ஒடித்துப் போட்டால் தேவலை போல இருந்தது.

"கெமிஸ்ட்ரி ரேகா, அடுத்தது நீதான்" என்று ஆரோக்கிய ராணி கையை நீட்டினாள். "அந்தப் பாரத்தக் குடு இங்க. பொழுதன்னைக்கும் உன் கூடவே நிக்க முடியாது."

படிவத்தை வாங்கி முன்னால் போட்டுக்கொண்டு குனிந்தாள். பிறகு பைலுக்குள் சொருகி எழுந்தாள். சரி, 'பொருந்தாது' என்பதையே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று ரேகா நினைத்தாள். நூலில் கட்டிய நீலப் பேனா மேஜை விளிம்பில் ஆடிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

*

தாளாளர் செந்தமிழ்செல்வன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் கீற்று விபூதி, முகம் நிறையச் சிரிப்பு. திட்டுகிறவராக இருந்தால்கூடப் பரவாயில்லை, எதிர்த்துப் பேசலாம். இவர் "உக்காருங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்றார். ஆரோக்கிய ராணி பைலை வைத்துவிட்டு, பீரோ பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அவர் பாடத்தைப் பற்றியும் கேட்டார். உலோகங்களைப் பிரிப்பது எப்படி, பிள்ளைகளுக்குச் சமன்பாடு மனப்பாடம் ஆகாமல் புரியவைப்பது எப்படி என்று கேட்டார். ரேகாவுக்கு நாக்கில் ஈரம் வந்தது. நாலு இடம் ஏறி இறங்கினதில் முதல் தடவையாக யாரோ அவளிடம் கெமிஸ்ட்ரி கேட்கிறார்கள். கையை ஆட்டி, மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டையும் பேனா மூடியையும் அணுக்களாக்கி விளக்கினாள். அவர் ரசித்துக் கேட்டார்.

பிறகு படிவத்தைப் புரட்டினார்.

"அங்காளம்மன். நல்லது... மாநிறம்... இருபத்து மூணு..." விரல் நின்றது. "'இல்லை. உத்தேசம் இல்லை.' அப்பாடா. எனக்குக் கொஞ்சம் நிம்மதி."

ரேகா எட்டிப் பார்த்தாள். கட்டத்துக்குள் அவளுடைய கறுப்புக் கோடும் 'பொருந்தாது'வும் அடிக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் குண்டு குண்டாக, நீல எழுத்தில், 'இல்லை. உத்தேசம் இல்லை.'

அவள் தலை தானாக பீரோப் பக்கம் திரும்பியது. ஆரோக்கிய ராணி சுவரில் இருந்த காலண்டரை, அதில் என்றைக்குமே இல்லாத சுவாரஸ்யம் இன்றைக்கு வந்துவிட்டது போல, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்று தாளாளர் சொல்லிக்கொண்டிருந்தார். "போன வருஷம் பிளஸ் டூ பப்ளிக் நேரத்துல மூணு டீச்சர் ஒரே சமயத்துல லீவு. அரசாங்கம் பாட்டுக்கு ஆறு மாசம் சம்பளத்தோட லீவு குடுன்னுது. பசங்க அப்பா அம்மா வந்து என் சட்டையத்தான் புடிக்கறாங்க. நம்ம ராணி மிஸ்ஸையே எடுத்துக்குங்க. பதினோரு வருஷம். கல்யாணமே வேணாம்னு பள்ளிக்கூடத்துக்கே வாழ்க்கையக் குடுத்துட்டாங்க. ஒரு நாள் அனாவசிய லீவு கிடையாது. எல்லாரையும் அப்படி இருக்கச் சொல்ல முடியாது. ஆனா அந்த மனசு வேணும் பாருங்க."

ராணி மிஸ் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ரேகாவுக்கு உள்ளுக்குள் கொதித்தது. சார், இது நான் எழுதினது இல்லை என்று ஒரு வாக்கியம். சொன்னால் தன் பக்கம் சுத்தம். பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் இன்று சாயங்காலமே சாவிக்கொத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவாள். சொல்லாவிட்டால், தான் எழுதாத பொய்க்குத் தன் கையெழுத்து அடியில் நிற்கும். யார் கேட்டார்கள் இவளை?

"சார், ஒரு விஷயம்" என்றாள்.

பீரோப் பக்கம் சாவிக்கொத்து லேசாகச் சத்தம் போட்டது.

"சொல்லுங்கம்மா."

"எனக்கு முன்னாடி வந்தவர்கிட்ட வீட்டுல விசேஷம்னதும் கை குடுத்தீங்களாம். எங்ககிட்ட மட்டும் இல்லன்னா நிம்மதின்றீங்க. வர்ற கொழந்தை ஒண்ணுதான சார்? அது அப்பாவுக்குப் பொறுப்பையும் அம்மாவுக்கு லீவையும் மட்டுந்தான் கொண்டுட்டு வருமா?"

சொன்ன பிறகுதான், வாயைத் திறக்காதே என்று அருள்முருகன் சொன்னது ஞாபகம் வந்தது. போச்சு. நாலாவது படியும் போச்சு.

தாளாளர் அவளையே பார்த்தார். சிரிப்பு ஒரு பக்கம் குறைந்து, பிறகு மெதுவாகத் திரும்ப வந்தது.

"பிளஸ் டூ பசங்கள மேய்க்க வாய் இருக்கற டீச்சர்தான் வேணும்" என்றார். "ஆனா என்கிட்ட இல்ல, வகுப்புல. ஜூன் ஒன்பது வந்து சேந்துக்குங்க. ராணி மிஸ், ஆர்டர் அடிச்சுக் குடுத்துடுங்க."

*

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி புறப்படத் தயாராக இருந்தது. ரேகா ஜன்னலோரம் உட்கார்ந்து அருள்முருகனுக்கு இரண்டு வார்த்தை எழுதினாள்: 'கெடச்சிடுச்சு. சந்தோஷமில்ல.' அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், படியில் ஏறி வருகிறது காட்டன் புடவை. அவளும் கடலூர்தான் போலிருக்கிறது. இத்தனை சீட்டு காலியாக இருக்க, நேரே வந்து ரேகாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, "தள்ளி உக்காரு" என்றாள் ஆரோக்கிய ராணி.

பஸ் கிளம்பும்வரை ரேகா பொறுத்துக்கொண்டாள். அதற்குமேல் முடியவில்லை.

"எதுக்கு மிஸ் அப்படி எழுதினீங்க?"

"டிக்கெட் எடுக்கட்டும், இரு. கடலூர் ஒண்ணு குடுப்பா."

"நான் பொய் சொல்லி வேலை வாங்க வரல மிஸ். சொல்லணும்னா நானே எழுதியிருக்க மாட்டேனா? எனக்கு எழுதத் தெரியாதா?"

"நீ எங்க சொன்ன? நாந்தான சொன்னேன்."

"கீழ என் கையெழுத்து இருக்குதே. செப்டம்பர்ல வயிறு தெரியும்போது அத எடுத்து மூஞ்சில வீசுவாரு."

"எதை வீசுவாரு?" ஆரோக்கிய ராணி இடுப்புச் சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினாள். "பாரமெல்லாம் என் பீரோவுல இருக்குது. பழைய பீரோ. எலி ஜாஸ்தி. அதுவும் மூணாவது பக்கமா பார்த்துக் கடிக்கற எலி."

ரேகாவுக்குச் சிரிப்பு வந்தது; வந்ததற்காகவே இன்னும் கோபமும் வந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும், நான் மாசமா இருக்கேன்னு? நான்தான் எழுதவே இல்லியே."

"இல்லாதவளுங்க பேர் எழுதறதுக்கு முன்னாடி அதுல 'இல்லை'ன்னு எழுதிடுவாளுங்க. கோடு போட்டுக்கினு, 'பொருந்தாது'ன்னு எழுதிக்கினு வந்து நிக்கறவ யாரு? எத்தன மாசம்?"

"ரெண்டரை."

"அப்போ டிசம்பர். சரியாத்தான் இருக்குது." அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஜூன் ஒன்பதுல சேர்ற. சனி, ஞாயிறு, சுதந்திர தினம், விநாயகர் சதுர்த்தி எல்லாம் போனாலும் செப்டம்பர் முடியறதுக்குள்ள எண்பது நாள் வேலை பார்த்துடுவ. எண்பது நாள் ஆயிட்டா பிரசவ லீவு சட்டப்படி அவுங்க குடுத்தாகணும். அதுவரைக்கும் பொறுத்துக்க. உள்ள அவரு பேசறப்போ நான் காலண்டர்ல அதத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன்."

ரேகா அவளையே பார்த்தாள்.

"நம்ம ஸ்கூல்ல டீச்சருங்களுக்குப் புடவை மேல கோட்டு உண்டு. உன் சைஸ் என்னா? என்னவா இருந்தாலும் ரெண்டு சைஸ் பெருசா எழுதித் தரேன். தைச்சுக்க."

"இதெல்லாம் எத்தன பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

"எண்ணல."

"அப்போ போன வருஷம் ஒரே சமயத்துல லீவு போட்ட மூணு பேரு..."

"அதுல ரெண்டு பேரு ஒரே மாசத்துல வந்து மாட்டுவாளுங்கன்னு நான் என்னா ஜோசியமா பாத்தேன்?" ஆரோக்கிய ராணி முகம் சுளித்தாள். "அதுக்கப்புறந்தான் அவரு பேனா எடுத்து இருபத்து மூணு எழுதினது."

பஸ் ஊரைத் தாண்டி வேகம் எடுத்தது. காற்றில் ஆரோக்கிய ராணியின் முன்முடி கலைந்தது. காலையிலிருந்து ஒரு மடிப்புக் கலையாமல் இருந்தவள் அதை ஒதுக்கிவிடக்கூட இல்லை.

ரேகாவுக்கு மனசு சமாதானமாகவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டது அவர். அதற்குப் பீரோவையும் எலியையும் கோட்டையும் வைத்துக்கொண்டு திருடர்கள் மாதிரி ஒளிய வேண்டியது இவர்கள். இது என்ன நியாயம்?

"கேக்கக் கூடாதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க மிஸ். அவரு உங்கமேல அவ்ளோ மரியாதை வச்சிருக்காரு. நீங்க சொன்னா கேப்பாரு. 'இந்தக் கேள்வி வேணாம் சார்'னு ஒரு தடவ மூஞ்சிக்கு நேரா சொல்லலாம்ல? உங்களுக்கென்னா பயம்? நாங்க சொன்னா வயித்தப் பாப்பாங்க. உங்களுக்குக் கல்யாணமே ஆகல. உங்கள என்னா கேட்டுட முடியும் அவரால?"

ஆரோக்கிய ராணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் வந்தது. கீழே வெள்ளாறு வெயிலில் பாதி மணலும் பாதித் தண்ணீருமாகக் கிடந்தது. பஸ் பாலத்தின் மேல் தடதடவென்று ஓடி அக்கரை ஏறும்வரை அவள் கைப்பையின் ஜிப்பைப் பிடித்தபடியே இருந்தாள்.

பைக்குள் போன் அடித்தது. மத்தியானம் கேட்ட அதே ரிங்டோன்.

எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண்ணின் குரல், சித்தி என்று ஆரம்பித்தது ரேகாவுக்கே கேட்டது.

"பஸ்ஸு பாலம் தாண்டிடுச்சுடி பெலிசியா" என்றாள் ஆரோக்கிய ராணி. "இனிமே அம்மான்னே கூப்பிடு."